பழைய தாமதம்

அண்ணன் எதற்கும் நேரத்துக்கு வந்த ஆள் கிடையாது. தன் கல்யாணத்துக்கே அரை மணி நேரம் தாமதமாக வந்து பெண் வீட்டாரின் வயிற்றில் புளியைக் கரைத்தவன். ஆனால் டிரம்ஸில் அவன் செய்த தாமதம் சோம்பேறித்தனம் இல்லை. பாட்டின் தாள அளவு ஓரிடத்தில் விழுந்தால், ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மில் அவன் அடிக்கும் அடி அதற்கு இம்மியளவு பின்னால் வந்து விழும். கேட்கிறவனுக்கு அடி தள்ளிப் போனது தெரியாது, இடுப்பு மட்டும் தன்னால் அசையும். ஃபங்க் இசை என்பதே அந்த இம்மிக்குள்தான் இருக்கிறது என்பான். புரியாமல் விழிப்பவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பான் பாருங்கள், பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்தில் நின்று பேஸ் கிட்டார் வாசிப்பவள் அவனுடைய தங்கை. அவனைவிட எட்டு வயது இளையவள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிந்ததால் அவன் அவளுக்குப் பூச்சி என்று பேர் வைத்தான். முப்பத்தேழு வயதாகி, கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து மரியாதையாகப் பிழைத்துக்கொண்டிருக்கும் பெண்ணை ஊரே இன்னும் பூச்சி என்றுதான் கூப்பிட்டது. குழுவில் மூன்றாவது ஆள் கிட்டார் வாசித்தபடி பாடுகிறவன். எல்லோரும் அவனைத் தொண்டை என்பார்கள். பேச்சிலும் அவனுக்கு மெதுவாக என்று ஒன்று கிடையாது.

முதல் ஆல்பம் வந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இரண்டாவது வந்த சுவடு தெரியாமல் போயிற்று. மூன்றாவதை மூவரும் உயிரைக் கொடுத்துச் செய்தார்கள். ஒன்பது பாட்டு. ஒன்று ஃபங்க்காகத் தொடங்கி நடுவில் கனமான ராக்காகக் கொதித்து அடங்கும். ஒன்றில் தொண்டை பாடவே மாட்டான், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போடுகிற தோரணையில் பேசிக்கொண்டே போவான். இன்னொன்றில் கிட்டார் கர்ண கடூரமாகக் கத்தும்போது மெட்டு மட்டும் தாலாட்டாக வரும். இதை எந்தத் தட்டில் அடுக்குவது என்று கடைக்காரன் திண்டாட வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. இத்தனை கலவையையும் சேர்த்துக் கட்டியிருந்தது அண்ணனின் அடி. அது ஆட்டம் கண்டால் ஆல்பமே குப்பை.

ஆட்டம் கண்டிருந்தது. ஆறு நாள் ஒலிப்பதிவு முடிந்த மறுவாரம், பதிவானதை எல்லாம் சேர்த்துச் சீராக்கும் மிக்ஸிங்காரர் பூச்சியை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். முதல் ஆல்பத்தையும் மிக்ஸ் செய்தவர் அவர்தான். அதிகம் பேசாத மனுஷர். நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையைக் காட்டினார்.

“இது முதல் ஆல்பம். ஒவ்வொரு முள்ளும் உங்க அண்ணனோட ஒரு அடி. இந்தக் கோடு தாளத்தோட சரியான அளவு. பாரு, எல்லா அடியும் கோட்டுக்கு இருபது மில்லிசெகண்ட் பின்னாடி. வருஷம் பூரா வாசிச்சாலும் அந்த இருபது மாறாது. இப்போ இதைப் பாரு.”

புதிய ஆல்பத்தின் முட்கள் தாறுமாறாக நின்றன. ஒன்று பன்னிரண்டு, அடுத்தது நாற்பத்தைந்து, அதற்கடுத்தது அறுபது. ஒன்று கோட்டுக்கு முன்னாலேயே விழுந்திருந்தது.

“இது பின்னாடி இழுக்கறது இல்ல பூச்சி. நழுவுது. அவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“வயசாகுதுல்ல தலைவரே. நாப்பத்தஞ்சு ஆச்சு,” என்றாள் பூச்சி. ஒலிப்பதிவின்போது அவன் கையிலிருந்து குச்சி நான்கு தடவை நழுவி விழுந்ததை அவள் பார்த்திருந்தாள். நான்கு தடவையும் வேறு எங்கோ பார்க்கிற பாவனையில் கிட்டாரைச் சுருதி சேர்த்தாள்.

“மறுபடி வாசிக்கச் சொல்லலாமா?”

“எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சொல்றது? உயிர விட்டுருவான்.”

“அப்போ எல்லா அடியையும் தூக்கிக் கோட்டுல ஒட்டிடறேன். இப்போல்லாம் எல்லாரும் செய்யறதுதான்.”

“ஒட்டினா முதல் பாட்டுலயே கண்டுபிடிச்சிருவான். மிஷின் மாதிரி இருக்கும்.” பூச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த யோசனை வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் மூளையிலேயே முளைத்த யோசனை. “கோட்டுல ஒட்டாதீங்க. கோட்டுக்கு இருபது பின்னாடி ஒட்டுங்க. பழைய ஆல்பத்துல அவன் எங்க எவ்வளவு தள்ளி அடிச்சானோ, அந்த அளவ எடுத்து இதுல வைங்க.”

மிக்ஸிங்காரர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “அவனை வெச்சே அவனை ஏமாத்தச் சொல்றே,” என்றார். “செய்யறேன். ஆனா நீ அவன்கிட்ட சொல்லணும்.”

“ஆல்பம் வரட்டும். நானே சொல்லிடறேன்.”

அடிகள் இடம் மாறியதும் அவளுடைய பழைய பேஸ் அதன்மேல் உட்காரவில்லை. ஒன்பது பாட்டுக்கும் பேஸை இரண்டு நாளில் புதிதாக வாசித்தாள். ஹெட்ஃபோனில் வந்தது பதினோரு வருஷத்துக்கு முந்தைய அண்ணன். ஒரு அடி பிசகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால் அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மிக்ஸ் முடிந்ததும் மூவரும் மிக்ஸிங்காரர் அறையில் உட்கார்ந்து கேட்டார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். ஐந்தாவது பாட்டில் அவன் தலை ஆடத் தொடங்கியது. ஒன்பதாவது முடிந்தபோது முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். மிக்ஸிங்காரர் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். அவருக்கு அங்கே உட்கார முடியவில்லை.

“நான் இன்னும் உயிரோடதான்டி இருக்கேன் பூச்சி,” என்றான் அண்ணன். சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த ஒரு சீட்டை எடுத்தான். “உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல. கை மரத்துப் போகுதுன்னு ஒரு டாக்டர்கிட்ட போனேன். கழுத்துல நரம்பு நசுங்குது போல, உடனே ஸ்கேன் எடுன்னு எழுதிக் குடுத்தாரு. பத்து நாளா சோறு இறங்கல எனக்கு. ரெக்கார்டிங்லயும் சொதப்பிட்டேன்னு நினைச்சு செத்துட்டேன். இப்போ கேட்டியா? இது சீக்காளி கையா?”

“யாருடா சொன்னது சீக்காளின்னு!” தொண்டை அறை அதிரக் கத்தி அவனைக் கட்டிப் பிடித்தான்.

அண்ணன் சீட்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டான். பூச்சி அந்த நிமிஷமே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, அதை அணைக்கிற கை தன்னுடையதாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று மென்று விழுங்கினாள். பாசம் என்று பேர் வைத்தாலும் அது கோழைத்தனம்தான், அது அவளுக்கும் தெரியும்.

ஆல்பம் வந்தது. பிரமாதமாக ஓடியது என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்டவர்கள் விடாமல் கேட்டார்கள். ஒருவர் பத்திரிகையில், இத்தனை தினுசு இசையை ஒரே ஆல்பத்தில் சிதறாமல் பிடித்து வைத்திருப்பது டிரம்ஸ்காரர்தான், அவர் கைக்கு வயதே ஆகவில்லை என்று எழுதினார். அண்ணன் அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினான். ஸ்கேன் என்று யாராவது வாயெடுத்தால் அந்தக் கதவைக் காட்டினான்.

நான்காவது மாதம் அண்ணி பூச்சியின் கடைக்கே வந்துவிட்டாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் ஓடி வந்திருந்தாள். பூச்சி தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்தினாள்.

“நீ சொன்னாதான் கேப்பாரு,” என்றாள் அண்ணி. “சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடறேன். சாவிய பூட்டுல நுழைக்க முடியல. கைப்பிடிய விட்டா படி இறங்க முடியல. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா பாட்டப் போட்டுக் காட்டறாரு. ‘இதைக் கேட்டுட்டுச் சொல்லு’ங்கறாரு. நான் என்னத்தக் கண்டேன் பாட்டப் பத்தி? உனக்குத் தெரியும்ல, நீ சொல்லும்மா.”

“சொல்றேன் அண்ணி.”

“அந்த ஆல்பம் வராமலே இருந்திருக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருத்தப்பட்டு, பூச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள் அண்ணி. “தப்பா எடுத்துக்காதே.”

பூச்சி அண்ணனிடம் போகத்தான் போனாள். போய், “ஒரு தடவை ஸ்கேன் எடுத்துட்டு வந்துடேன்ணா, அண்ணியாவது நிம்மதியா இருப்பாங்க,” என்று பூசி மெழுகினாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“நீயுமா? அவளுக்குத்தான் காது கிடையாது. நீ பக்கத்துலயே நின்னு வாசிச்சவ. என் கையில கோளாறு இருந்தா முதல்ல உனக்குத்தான் தெரிஞ்சிருக்கும்.”

அவள் ஆமாம் என்று கூடச் சொல்லவில்லை, ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

மேடையேற ஒத்திகை தொடங்கியபோது இன்னொரு கூத்து நடந்தது. தன் ஆல்பத்தில் இருக்கிற அடி தன் கைக்கு வரவில்லை என்று அண்ணனுக்கே தெரிந்துபோயிற்று. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பான். அவனோ பயிற்சி போதவில்லை என்று முடிவுகட்டினான். தினமும் வேலை முடிந்து வந்ததும் நாலு மணி நேரம், ஹெட்ஃபோனில் ஆல்பத்தைப் போட்டு அதனோடு சேர்ந்து அடித்தான். கழுத்தை ஆட்டி ஆட்டி அடித்தான். குச்சி நிற்காதபோது ரப்பர் பட்டையால் அதை விரலோடு கட்டிக்கொண்டான். பதினோரு வயது குறைந்த தன்னையே அவன் துரத்திக்கொண்டிருந்தான் என்பது அந்த அறையில் பூச்சி ஒருத்திக்குத்தான் தெரியும்.

“ஏன்டி வர மாட்டேங்குது? இதே கைதானே வாசிச்சுது?” என்று கேட்பான்.

“டச் விட்டுப் போச்சுண்ணா. வந்துரும்,” என்பாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அடுத்த முறை உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு பொய். இப்போது அவனுடைய ஒவ்வொரு நாலு மணி நேரத்துக்கும் அவள் பதில் சொல்ல வேண்டும்.

கச்சேரி இரண்டு தடவை தள்ளிப்போயிற்று. ஒலிப்பதிவு முடிந்த பதினோராவது மாதம், ஒத்திகையின் நடுவில், அவன் வலது கால் பெடலை மிதிக்க எழும்பவில்லை. குனிந்து காலைப் பார்த்தவன் அப்படியே ஸ்டூலோடு சரிந்தான். சிம்பல் தட்டு ஒன்று அவன்மேல் விழுந்து உருண்டது. தொண்டைக்கு முதல்முறையாகக் குரலே வரவில்லை. பூச்சி தூக்கப் போனபோது அவன் கை அவள் கையைப் பிடிக்க முயன்றது, விரல்கள் மடங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அறுவை சிகிச்சை டாக்டரின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அண்ணன், இந்தப் பக்கம் அண்ணி, அந்தப் பக்கம் பூச்சி. டாக்டர் நடுத்தர வயதுப் பெண், பேச்சில் சுற்றி வளைக்காதவர். ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார்.

“கழுத்துல ரெண்டு இடத்துல நரம்புத் தண்டு நசுங்கியிருக்கு. எப்போலேர்ந்து இப்படி?”

“ரெண்டு மாசமா,” என்றான் அண்ணன்.

“ஒரு வருஷமாவே பொத்தான் போட முடியல டாக்டர்,” என்றாள் அண்ணி.

“அவ எப்பவுமே ஒண்ணப் பத்தாக்குவா. ரெண்டு மாசம்தான்.”

டாக்டர் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலின் அடியில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. “கழுத்து நசுங்கறதால கை இந்த அளவுக்கு மெலியணும்னா ரொம்ப நாள் ஆகும். ரெண்டே மாசத்துல இப்படின்னா இது கழுத்து மட்டும் இல்ல, உள்ள வேற நரம்பு நோய் இருக்கலாம். அது தெரியாம கத்தி வைக்க எனக்கு மனசு வராது. அதுக்கான டெஸ்ட் எல்லாம் முடிய மூணு நாலு வாரம் ஆகும்.”

“அது வரைக்கும் தாங்குமா?” என்றாள் அண்ணி.

“நசுங்கிக்கிட்டேதான் இருக்கும். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் போகும். போனது வராது. ஒரு வருஷமா மெதுவா வந்ததுதான்னு எனக்கு உறுதியாத் தெரிஞ்சா நாளைக்குக் காலையிலயே ஆபரேஷன் வெச்சிடுவேன். அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்.”

“ஆதாரமே இருக்கு டாக்டர்,” என்றான் அண்ணன். கழுத்தில் பட்டை மாட்டியிருந்தும் அவன் குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. “நான் டிரம்ஸ் வாசிக்கறவன். பதினோரு மாசத்துக்கு முன்னாடி ரெக்கார்ட் பண்ணது, கேளுங்க. கையில கோளாறு இருந்தா இப்படி வருமா?” ஃபோனை அவனால் அமுக்க முடியவில்லை. அண்ணி அமுக்கினாள்.

பாட்டு அறையை நிறைத்தது. டாக்டருக்கு இசை தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் விரலே மேஜையில் தாளம் போட்டது. அரை நிமிஷம் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். “இந்தக் கைக்கு அப்போ ஒண்ணும் இல்லதான்,” என்று சொல்லி, டெஸ்டுகளுக்கான தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

“அது அவன் அடி இல்ல டாக்டர்,” என்றாள் பூச்சி.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளே எட்டி அதை நிறுத்தினாள்.

“அப்பவே கை நழுவிச்சு. குச்சி கீழ விழுந்துச்சு. பழைய ஆல்பத்துலேர்ந்து அளவெடுத்து எல்லா அடியையும் கம்ப்யூட்டர்ல இடம் மாத்தி வெச்சோம். நான்தான் வெக்கச் சொன்னேன். அவனுக்குத் தெரியாது.” நிறுத்தினால் மறுபடி பேச மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். “அண்ணி சொல்றதுதான் நிஜம்.”

அண்ணி அவளைப் பார்த்தாள். கடைக்கு ஓடி வந்த அந்த மதியம் அவள் கண்ணில் வந்து போயிற்று. டாக்டர் பேனாவை வைத்தார்.

“மாத்தாதது இருக்கா?”

இருந்தது. மிக்ஸிங்காரர் அனுப்பியது பதினோரு மாதமாக அவள் ஃபோனில் திறக்கப்படாமல் கிடந்தது. முதல் பாட்டைப் போட்டாள். அதே பாட்டு, அதே வேகம். அடி மட்டும் குடித்தவன் நடையில் வந்தது. டாக்டருக்குப் பிடிபடவில்லை. அவர் அண்ணனைத்தான் பார்த்தார்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, “இங்க,” என்றான். பிறகு, “இங்க.” மறுபடி, “இங்க ரெண்டு.” மற்ற டிரம்ஸ்காரர்களின் தப்பைச் சொல்லும்போது அவன் எப்படிச் சொல்வானோ அதே குரல், அதே கறார். பன்னிரண்டு வரை எண்ணியதும் கண்ணைத் திறந்தான்.

“ஒரு வருஷத்துக்கு மேலன்னு எழுதிக்கோங்க டாக்டர்.”

டாக்டர் எழுதினார். நாளைக் காலை முதல் ஆளாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். இதற்கு மேல் போகாமல் நிறுத்தலாம், கால் கொஞ்சம் தேறலாம், விரல்களை எதிர்பார்க்க வேண்டாம் என்றார். “அப்பவே ஸ்கேன் எடுத்திருந்தா...” என்று ஆரம்பித்தவர், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் விட்டுவிட்டார்.

பாட்டு இன்னும் போய்க்கொண்டிருந்தது. பூச்சி நிறுத்தக் கையை நீட்டினாள்.

“இருக்கட்டும்,” என்றான் அண்ணன். “பேஸ் இதுல வேற மாதிரி இருக்கே.”

“அன்னைக்கு உன்கூட வாசிச்சது. அப்புறம் மாத்திட்டேன்.”

அவன் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் இறுகியது. “நான் நழுவற இடத்துலல்லாம் நீ நிக்கறே,” என்றான். “நான் வர்ற வரைக்கும் காத்திருந்து, கூட்டிக்கிட்டுப் போறே. ஒரு இடத்துல கூட முந்திப் போகல. அங்க நின்னு வாசிக்கும்போதே உன் கைக்குத் தெரிஞ்சிருக்குடி.”

“தெரிஞ்சுதுண்ணா.”

“எனக்கு மட்டும்தான் தெரியல.”

அவள் அழுதாள். அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. பாட்டு முடிந்ததும் அவன் எழ முயன்றான். அண்ணி ஒரு பக்கம் தாங்கிக்கொண்டாள். மறுபக்கம் தாங்கப் பூச்சி கையை நீட்டினாள். அவன் அந்தப் பக்கத்துத் தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, சுவரோரமாகவே தேய்த்துக்கொண்டு வாசல்வரை நடந்துபோனான்.